மூணாவது ஷிப்ட்

கதவத் தட்டாத தாயி. தட்டினா சிஸ்டருக்குக் கோவம் வரும். அவங்களே வெளிய வந்து பேரு சொல்லிக் கூப்பிடுவாங்க. அதுவரைக்கும் இப்படி உக்காரு. வீல் சேர்ல இருக்கிறது யாரு, உன் வீட்டுக்காரரா? தம்பியா? கூடப் பிறந்த தம்பியா? சின்ன வயசாத் தெரியுதே. கால் இப்படி வீங்கியிருக்கு. செருப்பக் கழட்டி விடு, வாரு அமுங்குது பாரு.

இங்க புதுசுதானே? முகத்தப் பாத்தாலே தெரியும். புதுசா வர்றவங்க எல்லாம் கதவையே பாத்துக்கிட்டு இருப்பாங்க. நாங்க கதவப் பாக்க மாட்டோம். எங்களுக்குப் பழகிப் போச்சு.

எம் பேரு ரஞ்சிதம். எங்க வீட்டுக்காரரு தவசிலிங்கம், பஞ்சு மில்லுல லோடு ஏத்துனவரு. ரெண்டு கிட்னியும் போச்சு. வருசக்கணக்கா இந்த ஆஸ்பத்திரிதான், இந்த மெசின்தான். இங்க யாரை வேணும்னாலும் கேட்டுப் பாரு, ரஞ்சிதம் எப்படின்னு. நியாயத்துக்கு நிக்கிற பொம்பளன்னு சொல்லுவாங்க. பெருமைக்குச் சொல்லல. கலெக்டர் ஆபீஸ் ஆளு முன்னாடி நின்னு பேசுனவ நான்.

இப்ப எதுக்கு உன் தம்பிக்கு இடமில்லன்னு சொல்றாங்க தெரியுமா? உனக்குத் தெரிஞ்சிருக்காது. முன்னாடி இங்க மூணு ஷிப்ட் ஓடிச்சு. காலையில ஒண்ணு, மதியம் ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு. மூணாவது ஷிப்ட்டுக்கு பிரபாகர்னு ஒரு டெக்னீசியன் தம்பி, காண்ட்ராக்ட் ஆளு. நல்ல புள்ள. ஊசி குத்துறதே தெரியாது. எங்களுக்கு அந்த ஷிப்ட்தான். வாரத்துக்கு மூணு தடவ வந்து படுத்து எந்திரிச்சு, கடைசி பஸ்ஸப் பிடிச்சுப் போயிருவோம்.

ஒருநாள் பிரபாகர் வந்து, "அக்கா, இந்த மாசத்தோட எனக்கு வேலை இல்லக்கா"ன்னுச்சு. ஏன்னா, சிக்கனமாம். மேலருந்து உத்தரவாம். செலவக் குறைக்கணுமாம். காண்ட்ராக்ட் ஆளுங்க எல்லாரையும் எடுக்கச் சொல்லிட்டாங்களாம். ஆளில்லன்னா ஷிப்ட் எப்படி ஓடும்? மூடிட்டாங்க. மெசின் அப்படியே இருக்கு, கரண்டு இருக்கு, தண்ணி இருக்கு, ஓட்ட ஆளில்ல.

அதே மாசம் வாசல்ல வளைவு கட்டுனாங்க. வரும்போது பாத்தியே, பெருசா, கிரானைட்டு பதிச்சு. அதத் திறக்க யாரோ பெரியவங்க வர்றாங்கன்னு சுவரெல்லாம் பெயிண்டு. எங்களுக்கு வயிறு எரியுமா எரியாதா, நீயே சொல்லு. ரத்தம் சுத்தம் பண்ண ஆளுக்குச் சம்பளம் இல்ல, வளைவுக்கு இருக்கு. எங்க குறைக்கிறாங்க, எங்க குறைக்கல, அதுல ஒரு நியாயம் வேணாமா?

அப்பத்தான் நான் எந்திரிச்சேன். எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போயி அந்த வளைவுக்கு அடியிலயே உக்காந்தோம். நோயாளிங்க, கூட வந்தவங்க எல்லாரும். டிவிக்காரங்க வந்தாங்க. அதுல பேசுனது ரெஜினா.

ரெஜினாவ உனக்குத் தெரியாதுல்ல. சூசையண்ணன் மக. சங்குமுனை, அந்தக் கடற்கரைப் பக்கம் ஊரு. சூசையண்ணே உப்பளத்துல வேலை பாக்குறவரு. பொண்டாட்டி முன்னமே தவறிப் போச்சு. ஒரே மக. தையல் படிச்சு, பிளவுஸ் தச்சுக்கிட்டு இருந்தா. உன் தம்பி வயசுதான் இருக்கும். கல்யாணம் பேசிக்கிட்டு இருந்த நேரத்துல கிட்னி போச்சு. ஆனா அழுது நான் பாத்ததில்ல. எல்லாரையும் சிரிக்க வச்சுக்கிட்டு இருப்பா. சூசையண்ணே என்னத் தங்கச்சின்னுதான் கூப்பிடுவாரு. அதனால அவளுக்கு நான் அத்தை.

டயாலிசிஸ் பண்ற கையில ஆபரேசன் பண்ணி விடுவாங்க பாரு, நரம்பச் சேத்து வச்சு. உன் தம்பிக்கும் பண்ணியாச்சா? அதுல காது வச்சுக் கேட்டிருக்கியா? உர்ர்ருன்னு ஓடும். உசுரு ஓடுற சத்தம் அது. ரெஜினா அந்தக் கையக் கொண்டாந்து எங் காதுல வச்சு, "அத்தே, வண்டி ஓடுதா பாருங்க"ம்பா. ஓடுதுடின்னு சொன்னாத்தான் உள்ள போவா. ஒவ்வொரு தடவையும். எம் புள்ள மாதிரிதான். சொந்தமா எனக்குப் புள்ள இல்ல.

அன்னிக்கு டிவில அவ என்ன சொன்னா தெரியுமா? "எங்களுக்கு அதிகமா எதுவும் வேணாம் சார். இருந்ததக் குடுங்க. குறைச்சுத்தான் ஆகணும்னா எங்ககிட்டருந்து ஆரம்பிக்காதீங்க." அவ்வளவுதான் சொன்னா. எல்லாரும் கை தட்டுனாங்க.

அதுக்கப்புறம் ஒரு அதிகாரி வந்தாரு. நல்ல மனுசன், குத்தம் சொல்லக் கூடாது. எங்களோட தரையில உக்காந்தாரு. "அம்மா, எனக்கு வந்த உத்தரவு இது. ரெண்டு ஷிப்ட்தான். அதுல எல்லாரையும் மூணு தடவ படுக்க வைக்க முடியாது. சில பேர் மாவட்ட ஆஸ்பத்திரிக்கு மாறிக்கணும், இல்லன்னா எல்லாரும் குறைச்சுக்கணும். எதுன்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க. நாங்க முடிவு பண்ணா பாரபட்சம்னு சொல்வீங்க"ன்னாரு.

சொல்லிட்டுக் கார்ல ஏறிப் போயிட்டாரு. எங்க கையில விட்டுட்டுப் போயிட்டாரு.

அந்தா அந்த வேப்பமரத்தடியில உக்காந்து பேசுனோம். ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. வயசானவங்க போகட்டும்னு ஒருத்தன் சொன்னான். பக்கத்துல கிழவர் ஒருத்தரு உக்காந்திருக்காரு, அவர வச்சுக்கிட்டே சொல்றான். நான் விடல. எந்திரிச்சுக் கேட்டேன், "யாரைப் போங்கன்னு சொல்ல நமக்கு யாருய்யா உரிமை குடுத்தா? குறைச்சா எல்லாருக்கும் சமமாக் குறையட்டும். ஆளுக்கு ரெண்டு. அதுதான் நியாயம்." ரெஜினாதான் முதல்ல, "அத்தை சொல்றது சரி"ன்னா. எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. அந்தச் சமம்ங்கிற சொல்லு எந் தொண்டையிலருந்து வந்தது தாயி. மறந்துறக் கூடாது. இங்க இப்ப அத யாரும் ஞாபகத்துல வச்சுக்கல.

ஆனா உடம்பு நம்ம பேச்சக் கேக்குமா? ரெண்டு தடவைக்குக் குறைச்ச உடனே இவருக்கு முகமெல்லாம் ஊதிப் போச்சு. படுக்க முடியல. படுத்தா மூச்சு முட்டுது. உக்காந்தே தூங்குறாரு. நாக்க நனைக்கத் தண்ணி கேட்டா, குடுக்கவும் முடியல, குடுக்காம இருக்கவும் முடியல. நான் என்ன செய்யட்டும்? எங் கொழுந்தன் ஒருத்தன் கட்சியில இருக்கான். அவங்கிட்டப் போயி, "உங்க அண்ணனுக்குப் பழையபடி மூணு வாங்கிக் குடுய்யா"ன்னேன். அவ்வளவுதான் கேட்டேன். யாருகிட்டருந்தும் எடுத்துக் குடுன்னு கேக்கல. அவன் போன் போட்டான்.

மறுநாள் இவரு மெசின்ல படுத்திருக்காரு. பெரிய சிஸ்டர் எங்கிட்ட வந்து மெதுவாச் சொன்னாங்க. "மேலருந்து சொல்லிட்டாங்க. உங்க வீட்டுக்காரருக்கு இன்னொரு நேரம் குடுக்கணும்னா இங்கருந்து ஒருத்தரு மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போகணும். அங்க போக வர யாருக்கு வசதின்னு எனக்குத் தெரியல. நீங்கதான் எல்லாரோடயும் பழகுறீங்க. யாரு ஊர்லருந்து அங்க நேர் பஸ் இருக்கு?"

கேட்டாங்க, சொன்னேன். "சூசையண்ணே ஊர்லருந்து காலையில ஒரு நேர் பஸ் போகும் சிஸ்டர்"னேன். பொய்யா சொன்னேன்? பஸ் இருந்துச்சு. நானே ஒரு தடவ மாதா கோயில் திருவிழாவுக்குப் போயிட்டு அதுல வந்திருக்கேன். அவளும் சின்னப் புள்ள, தாங்கிக்குவான்னும் சொன்னேன். அதுவும் நிசந்தானே? உன் தம்பியவே எடுத்துக்கயேன், வயசான ஆளா இருந்தா இந்நேரம் உக்காந்திருக்க முடியுமா? இவரு கண்ண மூடிப் படுத்திருந்தாரு. தூங்குறாருன்னு நினைச்சேன்.

அவளோட ரெண்டு நேரத்துல சனிக்கிழமை எங்களுக்கு வந்துச்சு. இன்னொண்ணு வேற ஒருத்தருக்குப் போச்சு. அவங்களுக்கும் யாரோ போன் போட்டிருக்காங்க. என்ன மட்டும் சொல்ல முடியுமா?

மாத்துறாங்கன்னு தெரிஞ்ச அன்னிக்கு சூசையண்ணே எங்கிட்டதான் வந்தாரு. "தங்கச்சி, எங்கள மாத்திட்டாங்க. நீ எங்களுக்காக அவ்வளவு சத்தம் போட்ட. இன்னமும் உன்னச் சிரமப்படுத்தக் கூடாது. போய்ப் பாக்குறோம்"னாரு. கையெடுத்துக் கும்பிட்டாரு. ரெஜினா வழக்கம்போலக் கைய நீட்டுனா. காது வச்சேன். "ஓடுதா அத்தே?" "ஓடுதுடி." அவ்வளவுதான். போயிட்டா.

எனக்கு ஒண்ணு தெரியாது தாயி. இத நீ நம்பணும். அந்த நேர் பஸ்ஸ நிறுத்திட்டாங்க. அதுவும் அதே சிக்கனந்தான். வருமானம் இல்லாத ரூட்டுன்னு அந்த மாசமே எடுத்துட்டாங்களாம். எங்க ஊருப் பக்கம் ஓடுற பஸ் எல்லாம் ஓடுது, எனக்கு எப்படித் தெரியும்? யாராச்சும் வந்து சொன்னாத்தானே தெரியும்?

உப்பளத்து ரோட்டுல நடந்து, முக்குக்கு வந்து, அங்கருந்து டவுன் பஸ், அப்புறம் இன்னொரு பஸ். டயாலிசிஸ் முடிச்சு எந்திரிச்சா தலை சுத்தும், நிக்க முடியாது. அந்த உடம்போட திரும்பி வரணும். சில நாள் போனா அங்க மெசின் ரிப்பேரு, நாளைக்கு வாங்கன்னு அனுப்பிருவாங்களாம். சில நாள் அவளால எந்திரிக்கவே முடியல. இப்படியே விட்டு விட்டுப் போயிருக்கா.

ரெஜினா செத்துப் போச்சுன்னு பிரபாகர் தம்பிதான் போன்ல சொல்லுச்சு. அது இப்ப தனியார் ஆஸ்பத்திரியில இருக்கு. நான் அடக்கத்துக்குப் போகல, இவர விட்டுட்டு எப்படிப் போறது? அப்புறமாப் போனேன். பழம், பூவு, மெழுகுவத்தி எல்லாம் வாங்கிட்டுப் போனேன். வெறுங்கையோட போகல.

சூசையண்ணே வாசல்ல உப்புச் சாக்கப் போட்டு அதுமேல உக்காந்திருந்தாரு. என்னப் பாத்ததும் எந்திரிச்சு உள்ள போயி, அவரே டீ போட்டுக் கொண்டாந்தாரு. சீனி அதிகமா இருந்துச்சு. குடிச்சேன். தையல் மெசின் மூலையில இருக்கு, ஒரு பிளவுஸ் பாதி தச்சபடி ஊசியிலயே மாட்டிக்கிட்டு இருக்கு. அத எடுக்க மனசில்ல போல.

அவராத்தான் சொன்னாரு. அன்னிக்கு முக்குல பஸ்ஸுக்கு நின்னிருக்காங்க. நல்ல வெயிலு. நிழலுக்கு ஒரு மரங்கூடக் கிடையாது அங்க. அவ அப்பா தோள்ல சாஞ்சு உக்காந்திருக்கா. "அப்பா, தாகமா இருக்கு"ன்னிருக்கா. கொஞ்சமா வாய நனைச்சு விட்டிருக்காரு. பஸ் வந்துச்சு. எழுப்பியிருக்காரு. எந்திரிக்கல. அப்ப அண்ணே அவ கையத் தூக்கிக் காதுல வச்சுக் கேட்டிருக்காரு. "சத்தம் இல்ல தங்கச்சி"ன்னாரு. "பஸ்ஸுதான் சத்தம் போட்டுக்கிட்டு நின்னுச்சு. கையில சத்தம் இல்ல."

கண்டக்டர் ஏறுறீங்களா இல்லையான்னு கேட்டுட்டு விசில் ஊதிட்டாராம். அவரச் சொல்லிக் குத்தமில்ல, அவருக்கு என்ன தெரியும்?

நான் கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்தாரு. "தங்கச்சி, ஒரே ஒரு விசயம். எங்க ஊருக்கு நேர் பஸ் இருக்குன்னு யாரோ சொல்லித்தான் எங்கள மாத்தினாங்களாம். சிஸ்டர் சொன்னாங்க. யாருன்னு சொல்லல. அவங்க யாருன்னு தெரிஞ்சா நான் சண்டைக்குப் போக மாட்டேன். அந்த பஸ்ஸக் கண்ணால பாத்தீங்களான்னு மட்டும் கேப்பேன்"னாரு.

நான் கேட்டுக்கிட்டேன். "யாரோ பாவி"ன்னு சொல்லிட்டு வந்தேன். வேற என்னத்தச் சொல்ல முடியும், அந்த நேரத்துல? ஒரு மனுசன் துக்கத்துல இருக்கும்போது விளக்கம் சொல்லிக்கிட்டு நிப்பாங்களா?

இப்ப சொல்றதக் கேட்டு நீ பயந்துக்காத. நான் பயப்படுற ஆளில்ல. ஆனா அன்னிக்கு வீட்டுக்கு வந்து இவரு பக்கத்துல உக்காந்து கையப் பிடிச்சுப் பாக்குறேன், உர்ர்ருன்னு ஓடுது. நல்லதுதானேன்னு எந்திரிச்சு அடுப்படிக்குப் போனேன். அங்கயும் ஓடுது. அரிசி களையுறேன், பானைக்குள்ள ஓடுது. பட்டப்பகல்ல. தலகாணியில காது வச்சா ஓடுது. பஸ்ல சாஞ்சா கம்பியில ஓடுது. காது டாக்டருகிட்டக் காட்டுனேன். காதுல ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்குன்னாரு. மாதா கோயில்ல மெழுகுவத்தி ஏத்துனேன், எங்க குலசாமிக்கும் காசு முடிஞ்சு வச்சேன். நிக்கல. ஒரு விசயம் கவனிச்சேன். சனிக்கிழமைதான் சத்தம் ஜாஸ்தி.

இவருக்கு வேற மாதிரி. முதல் சனிக்கிழமை மெசின்ல படுத்திருக்கும்போதே எங்கிட்ட, "கொஞ்சம் நகந்துக்க, அந்தப் புள்ளைக்கு உக்கார இடமில்ல"ன்னாரு. எந்தப் புள்ளன்னேன். கால்மாட்டக் காட்டுனாரு. அங்க யாருமில்ல தாயி. ஸ்கிரீன்தான் காத்துல ஆடுது. சிஸ்டருகிட்டச் சொன்னேன். "ரத்தத்துல உப்பு ஏறினா அப்படித்தான் பேசுவாங்க, முடிஞ்சதும் சரியாயிரும்"னாங்க. முடிஞ்சுச்சு. ரத்தம் சுத்தமாயிருச்சு, தெளிவா இருக்காரு, என் பேரு சொல்றாரு, பஸ் நம்பர் சொல்றாரு. வளைவத் தாண்டும்போது திரும்பிப் பாத்து, "நான் எந்திரிச்ச பிறகும் அது படுக்கல ரஞ்சிதம். நின்னுக்கிட்டேதான் இருக்கு"ங்கிறாரு.

அடுத்தடுத்த வாரமும் இதே கதைதான். ஒருநாள் கேட்டே கேட்டுட்டாரு. "நேர் பஸ் இருக்குன்னு நீதானே சொன்ன? நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்." ஆமா சொன்னேன், உங்களுக்காகத்தான் சொன்னேன்னேன். "எனக்காகன்னு நான் கேட்டேனா?"ன்னாரு. கேக்கலதான். மூச்சு முட்டுற மனுசன் எப்படிக் கேப்பாரு? நான்தானே அவருக்கும் சேத்துக் கேக்கணும்? பொண்டாட்டின்னு எதுக்கு இருக்கேன்?

போன சனிக்கிழமை கிளம்பச் சொன்னா வர மாட்டேன்னுட்டாரு. "எனக்கு ரெண்டுதான். மரத்தடியில பேசுனது அதுதான். சனிக்கிழமை என்னோடது இல்ல"ன்னு சுவருப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. அழுது பாத்தேன், திட்டிப் பாத்தேன். கொழுந்தன வரவச்சேன். அசையல. கால் திரும்ப ஊதிக்கிட்டு வருது. அதப் பாத்துக்கிட்டு நான் எப்படி வீட்டுல உக்காந்திருக்கிறது? நான் மட்டும் வந்தேன். வந்துக்கிட்டே இருக்காரு சிஸ்டர்னு சொன்னேன். ரொம்ப நேரம் மெசினச் சும்மா வச்சிருந்து பாத்துட்டு, அப்புறம் வேற அவசர கேசுக்குக் குடுத்துட்டாங்க. அடுத்த வாரமும் வரலேன்னா பேர எடுத்துருவோம்னுட்டாங்க.

அதான் இன்னிக்கும் வந்துட்டேன். அந்தா, கதவுக் கண்ணாடி வழியாத் தெரியுதே, சன்னலோரம், வெள்ளத் துணி விரிச்சு வச்சிருக்கு பாரு. அது எங்களோடதுதான்.

என்ன கேக்குற? உன் தம்பிய அதுல படுக்க வைக்கவா? அதெப்படிம்மா முடியும்? இப்ப நான் வேணாம்னு சொல்லிட்டா, நாளைக்கு இவரு மனசு மாறி வந்து நின்னா எங்க படுக்க வைப்பேன்? ஒரு தடவ விட்டா திரும்பக் கிடைக்குமா, நீயே சொல்லு. அழாத. அழுதா ஒண்ணும் நடக்காது இங்க. நீ மனு எழுதிக் குடு. மூணாவது ஷிப்ட்ட ஏன் மூடினீங்கன்னு கேளு. வளைவுக்கு மட்டும் எப்படி வந்துச்சுன்னு கேளு. கலெக்டர் ஆபீசுக்கு நானும் கூட வர்றேன். எல்லாருக்கும் ஒரே நியாயம்தான் இருக்கணும்னு நானே முன்னாடி நின்னு பேசுறேன். எனக்குப் பேச வரும்.

இரு, சிஸ்டர் வர்றாங்க.

வந்துட்டாரு சிஸ்டர்! பஸ் ஸ்டாண்டுல இறங்கிட்டாராம், இப்பத்தான் போன் பண்ணாரு. ஆட்டோவுல வந்துக்கிட்டு இருக்காரு. அஞ்சு நிமிசம் சிஸ்டர். கட்டாயம் வந்துருவாரு.

சரின்னுட்டுப் போயிட்டாங்க. நல்ல சிஸ்டர்.

தாயி, ஒரு உதவி பண்ணு. உன் தம்பி நாற்காலியக் கொஞ்சம் அந்தப் பக்கமாத் திருப்பி வையேன். ரொம்ப நேரமா என்னையே பாத்துக்கிட்டு இருக்காரு.